வாஸ்கோடகாமா கட்டாமல் போன சுங்கம்

1498, வாஸ்கோடகாமா, கோழிக்கோடு. பள்ளியில் படித்ததில் எது மறந்தாலும் இது மறக்காது. ஆனால் அத்தனை கடல் தாண்டி அவர் ஏன் குறிப்பாக அந்த ஊருக்கு வந்தார் என்று வகுப்பில் யாரும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. என்னைக் கேட்டால் அவருடைய கப்பல்களைவிட கோழிக்கோட்டின் சுங்கச்சாவடிதான் சுவாரசியமான விஷயம்.

1442-ல் இன்றைய ஆப்கானிஸ்தானிலிருக்கும் ஹெராத்திலிருந்து தூதராகக் கிளம்பி வந்த அப்துல் ரசாக்குக்கு அந்த ஊரும் பிடிக்கவில்லை, ஜனங்களையும் பிடிக்கவில்லை. ஒரே புலம்பல். அவரே வாயாரப் புகழ்ந்தது துறைமுகத்தைத்தான். வியாபாரிகள் சரக்கை இறக்கித் தெருவில் போட்டுவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார்களாம். காவல் காப்பது சுங்க அதிகாரிகளின் பொறுப்பு. விற்றால் நாற்பதில் ஒரு பங்கு வரி. விற்கவில்லையா, வரியே கிடையாது!

அவருக்கு முன்பே செங் ஹோவின் சீனக் கப்பற்படையோடு மொழிபெயர்ப்பாளராக வந்தவர் மா ஹுவான். சீனப் பட்டுக்கு விலைபேசுவதை அருகிலிருந்து பார்த்தவர்போல எழுதியிருக்கிறார். அரசனின் அதிகாரி, செட்டி, கணக்கர், தரகர் எல்லோரும் உட்கார்ந்து ஒவ்வொரு துணியாக விலை பேசுகிறார்கள். முடிந்ததும் கையோடு கை சேர்க்கிறார்கள். அப்புறம் சந்தையில் விலை ஏறினாலும் இறங்கினாலும் பேச்சு மாறாது. இப்படிப் பேசி முடிக்க ஒரு மாதமாகலாம், மூன்று மாதமும் ஆகலாம். கணக்குப் போடக் கைவிரல், கால்விரல் போதும். ஒரு பைசா பிசகாது என்று வியக்கிறார்.

அதற்காக அது பொற்காலம் என்றெல்லாம் கதை விடவில்லை. அதே செங் ஹோ 1411-ல் இலங்கையில் போரிட்டு, அங்கிருந்த ஆட்சியாளரையே பிடித்துக்கொண்டு போனவர். கோழிக்கோட்டு அரசரான சாமூதிரியும் பக்கத்துக் கொச்சியை நிம்மதியாக விட்டதில்லை. ஆனாலும் வியாபாரி எந்த மதம், எந்த நாடு என்று துறைமுகம் பார்க்கவில்லை. அதனால்தான் ஊர் செழித்தது.

இப்படிப்பட்ட இடத்துக்குக் காமா கொண்டுவந்த பரிசைப் பாருங்கள்: கோடுபோட்ட துணி 12, தொப்பி 6, கை கழுவும் பாத்திரம் 6, கொஞ்சம் பவளம், சர்க்கரை, எண்ணெய், தேன். சாமூதிரியின் ஆட்கள் சிரித்தேவிட்டார்கள். மெக்காவிலிருந்து வரும் பரம ஏழை வியாபாரிகூட இதைவிட அதிகம் தருவான், தங்கம் கொண்டுவா என்றார்கள். சரக்கும் சரியாகப் போகவில்லை. கிளம்பும்போது வழக்கமான சுங்கமாக 600 செராஃபின் நாணயம் கேட்டார்கள். கட்டவில்லை, உள்ளூர் ஆட்கள் சிலரைப் பிடித்துக்கொண்டு, பருவக்காற்று மாறும்வரைகூடக் காத்திராமல் பாய்விரித்தார். வரும்போது 23 நாளில் கடந்த கடலைத் திரும்பிக் கடக்க ஏறக்குறைய மூன்று மாதம் பிடித்தது. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் மாலுமிகள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள்.

சந்தையில் போட்டி போட முடியாதவர் 1502-ல் பீரங்கிகளோடு திரும்பி வந்தார். இந்த முறை பரிசு இல்லை, நிபந்தனைதான்: ஊரிலிருக்கும் முஸ்லிம்களை மொத்தமாக வெளியேற்று. சாமூதிரி முடியாது என்றார். ஊர்மேல் குண்டு விழுந்தது.