மார்பகப் புற்றுநோய் 5 வருஷம் தாண்டிட்டா திரும்ப வராதுங்கறது தப்பு

"மார்பகப் புற்றுநோய் முடிஞ்சு 5 வருஷம் ஆச்சா, இனி வராது, முதுகு வலியெல்லாம் வயசுதான்"னு சிலர் சொல்றாங்க, தயவுசெஞ்சு யாரும் அதை நம்பி உக்காந்துடாதீங்க. ஹார்மோன் பாசிட்டிவ் வகை (உடம்புல இருக்கற ஹார்மோனால வளர்ற வகை) 10, 15, 20 வருஷம் கழிச்சுகூட எலும்புலயோ நுரையீரல்லயோ கல்லீரல்லயோ வரலாம். படுத்தாலும் குறையாத வலி, விடாத இருமல், காரணமில்லாம எடை குறையறதுன்னு ஒண்ணு ரெண்டு வாரமா இருந்தா டாக்டர்கிட்ட போங்க, பழைய கேன்சர் விஷயத்தையும் மறக்காம சொல்லுங்க. அதுக்காக பெட் ஸ்கேன்ல (கேன்சர் எங்கயாவது பரவியிருக்கான்னு பாக்கற ஸ்கேன்) ஒரு இடம் மின்னுனதும் கேன்சர்தான்னு முடிவு கட்டிடவும் வேணாம், எங்க அக்காவுக்கு 9 வருஷம் கழிச்சு விலா எலும்புல அப்படித்தான் தெரிஞ்சுது, வீடே அழுதுச்சு, கடைசில பாத்தா ஆறிக்கிட்டிருந்த எலும்பு முறிவு. கிருமித்தொற்றுகூட அப்படி காட்டும். பெரும்பாலும் பயாப்ஸி, அதாவது அந்த இடத்துல சின்னத் துணுக்கு எடுத்து டெஸ்ட் பண்ணாதான் உறுதியாகும், கேன்சர்னு வந்தா ஹார்மோன், ஹெர்2 (கேன்சர் செல்லை வளரத் தூண்டற ஒரு புரதம்) ரெண்டையும் திரும்ப டெஸ்ட் பண்ணச் சொல்லிக் கேளுங்க, முதல்ல இருந்த மாதிரியே இருக்கும்னு இல்ல.