காலனியக் கொள்ளையும் கோயில் திருட்டும் ஒன்றல்ல

ஆக்ஸ்போர்டு அருங்காட்சியகங்கள் பற்றி வந்த ஒரு கட்டுரை, இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் அரசின் வெண்கலங்களையும் தமிழ்நாட்டின் திருமங்கையாழ்வார் சிலையையும் காலனியக் கொள்ளை என்று ஒரே பட்டியலில் அடைத்துவிட்டது. பெனின் அரண்மனை 1897-இல் பிரிட்டிஷ் படையால் சூறையாடப்பட்டது. ஆழ்வாரோ 1957-இல் கும்பகோணம் அருகே சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில்தான் இருந்தார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படமே சாட்சி. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் சிலையை சோத்பிஸ் ஏலத்தில் வாங்கியது 1967-இல். ஆக, இது சுதந்திரத்துக்குப் பிந்தைய களவு.

சிலையைத் திரும்பக் கோரும்போது இந்த வேறுபாடு முக்கியம். கலைப்பொருள் கடத்தலைத் தடுக்கும் 1970 யுனெஸ்கோ உடன்படிக்கை, அதற்கு முந்தைய 1967 கொள்முதலைத் தொடாது. கைகொடுப்பது இந்தியாவின் 1947-ஆம் ஆண்டு தொல்பொருள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் அந்தப் புகைப்படமும்தான். மெழுகு உருவத்தைச் சுற்றி மண் அச்சு செய்து உலோகம் ஊற்றும் மெழுகு வார்ப்பில், அச்சை உடைத்துத்தான் சிலையை எடுப்பார்கள். எனவே இரண்டு சிலைகள் அச்சு அசலாக ஒத்திருக்காது. பீடத் துளை, விளிம்புச் சிதைவு, தேய்மானம் மூன்றையும் படத்தோடு ஒப்பிட்டால் அடையாளம் உறுதியாகிவிடும். கோயில் பதிவேட்டில் 'உலோகத் திருமேனி 1' என்று மட்டும் எழுதி, உயரம், எடை, நான்கு பக்கப் படம் இல்லாமல் விட்டிருந்தால் கோரிக்கை அங்கேயே படுத்துவிடும். பல கோயில்களின் நிலை இதுதான்.

இன்னொன்று: பொருள்களைத் திருப்பித் தரவிடாமல் பிரிட்டிஷ் மியூசியத்தைக் கட்டிப்போடும் 1963 சட்டம் ஆக்ஸ்போர்டுக்குப் பொருந்தாது. பல்கலைக்கழகக் குழு 2024 மார்ச்சில் இந்தியாவின் கோரிக்கையை ஆதரித்தது. அதன்பின் பிரிட்டனில் அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் அறக்கட்டளை ஆணையத்தின் ஒப்புதலும் தேவைப்பட்டது. தாமதத்தை விமர்சிப்பவர்கள் எந்தப் படியில் தாமதம் என்று பார்த்துவிட்டு விமர்சிக்கலாம்.