ஆட்டோமேஷன் பங்கு வாங்குமுன் ஒரு பேனலைத் திறந்து பாருங்கள்

"ஆட்டோமேஷன்தான் எதிர்காலம், ரோபோ பங்கு வாங்கிப் போடுங்க" என்று பங்குச்சந்தைக் குழுக்களில் ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எதிர்காலம் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் துறை வளர்வது வேறு, அதில் ஒரு கம்பெனி காசு பார்ப்பது வேறு, அந்தக் காசுக்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்பது இன்னும் வேறு. மூன்றையும் ஒன்றாகக் குழப்பினால் நல்ல கம்பெனியிலும் பணம் போகும்.

உதாரணத்துக்கு ராக்வெல் ஆட்டோமேஷனை எடுத்துக்கொள்கிறேன். சீமென்ஸ், ஏபிபி, ஷ்னைடர் எல்லாம் பத்துத் தொழில் செய்கிறவர்கள், ஆட்டோமேஷன் அதில் ஒரு பங்கு. ராக்வெல்லுக்கு இது மட்டும்தான் தொழில், அதனால் கணக்கு தெளிவாகத் தெரியும். பெயர் புதிதாகத் தோன்றினால், மெயின்டனன்ஸில் இருக்கும் யாரிடமாவது ஆலன்-பிராட்லி என்று சொல்லுங்கள், உடனே புரியும். 1903 வரை வேர் போகும் மில்வாக்கி கம்பெனி. 1985இல் ராக்வெல் இன்டர்நேஷனல் அதை வாங்கியது. 2001இல் விமான எலக்ட்ரானிக்ஸ் தனியாகப் பிரிந்தது, மிச்சம் நின்றது இதுதான். ஒன்றைக் கவனியுங்கள்: இவர்கள் ரோபோ கை செய்வதில்லை. செய்வது பிஎல்சி (மெஷினை ஓட்டும் சின்னக் கம்ப்யூட்டர்), டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி), மோட்டார் கன்ட்ரோல் சென்டர், சேஃப்டி ரிலே, எச்எம்ஐ (ஆபரேட்டர் பார்க்கும் திரை), இதையெல்லாம் ஓட்டும் சாஃப்ட்வேர், பிறகு சர்வீஸ். "ரோபோ பங்கு" பட்டியலில் இதைச் சேர்ப்பவர்கள் இணையதளத்தைக்கூடத் திறக்கவில்லை என்று அர்த்தம்.

விற்பனையில் ஏறக்குறைய 60 சதவீதம் வட அமெரிக்கா. ஐரோப்பாவில் சீமென்ஸ், ஜப்பானில் மிட்சுபிஷி, அமெரிக்காவில் ராக்வெல் என்று உலகம் பாகம் பிரித்ததுபோல இருப்பதற்குக் காரணம் தரம் மட்டும் என்று நினைக்காதீர்கள். யார் பேனலுக்குள் (பிஎல்சியும் ஒயர்களும் இருக்கும் கன்ட்ரோல் பெட்டி) முதலில் நுழைந்தாரோ அவரை வெளியேற்றுவது அவ்வளவு கஷ்டம்.

எவ்வளவு கஷ்டம் என்று ஒரு சாதாரண லைனை வைத்துக் கணக்குப் போடலாம். 400 டிஜிட்டல் பாயிண்ட் (சென்ஸர், வால்வு போன்றவற்றின் ஆன்/ஆஃப் இணைப்பு) உள்ள ஒரு பேனல், உள்ளே ராக்வெல்லின் பிஎல்சியான கன்ட்ரோல்லாஜிக்ஸ். ஒரு கார்டுக்கு 16 பாயிண்ட் என்றால் 25 கார்டு. இதை எடுத்துவிட்டு சீமென்ஸ் எஸ்7-1500 வைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 டெர்மினல் பிளாக்கிலும் ஒயரைக் கழற்றி, ஃபெரூல் நம்பர் சரிபார்த்து, புது கார்டில் மாட்ட வேண்டும். அப்புறம் லூப் செக். ஒரு ஆள் ஃபீல்டில் சென்ஸரைத் தட்ட, இன்னொரு ஆள் லேப்டாப்பில் பார்க்க, ஒரு பாயிண்டுக்கு 7 நிமிடம் என்றாலே மொத்தம் 46 மணி நேரம் தாண்டும். இது ஒயர் வேலை மட்டும். ராக்வெல்லின் ஸ்டுடியோ 5000 சாஃப்ட்வேரில் எழுதிய லேடர் புரோகிராமை சீமென்ஸின் டிஐஏ போர்ட்டலில் புதிதாக எழுத வேண்டும். ஆட்-ஆன் இன்ஸ்ட்ரக்‌ஷன்களை (நாமே எழுதி வைத்த புரோகிராம் துண்டுகள்) ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். எச்எம்ஐ டேக் எல்லாம் மாறும். டிரைவ்கள் ஈதர்நெட்/ஐபி நெட்வொர்க்கில் இருந்தால், சீமென்ஸ் பயன்படுத்தும் ப்ரொஃபிநெட்டுக்கு கம்யூனிகேஷன் கார்டு வாங்க வேண்டும். சேஃப்டி பிஎல்சி இருந்தால் ஒவ்வொரு எமர்ஜென்சி பட்டனும் லைட் கர்ட்டனும் மறுபடி சோதித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். மருந்துக் கம்பெனி என்றால் வேலிடேஷன் முழுக்க முதலிலிருந்து.

இவ்வளவும் செய்து ஹார்டுவேரில் மிச்சமாகும் காசு, லைன் நின்ற நாட்களின் உற்பத்தி நஷ்டத்துக்கே காணாது. போதாக்குறைக்கு நைட் ஷிஃப்டில் லைன் நின்றால், லேப்டாப்பை மாட்டி எந்த ரங் (லேடர் புரோகிராமின் ஒரு படி) ட்ரூ ஆகவில்லை என்று இரண்டு நிமிடத்தில் கண்டுபிடிக்கும் எலக்ட்ரீஷியன், புது சாஃப்ட்வேரில் திணறுவார். ஸ்டோரில் இருக்கும் ஸ்பேர் கார்டு எல்லாம் பழைய மேக். ராக்வெல்லின் உண்மையான சொத்து இந்த ஸ்பேர் அலமாரியும் அந்த எலக்ட்ரீஷியனின் கைப்பழக்கமும்தான். பேலன்ஸ் ஷீட்டில் இதற்கு ஒரு வரியும் கிடையாது.

இந்தக் கோட்டைக்கு ஒரு கதவு உண்டு, அது பழைய மாடலை நிறுத்தும் நாள். ராக்வெல் தன் பழைய பிஎல்சி-5 வரிசையை 2017இல் நிறுத்தியது. அப்போது வாடிக்கையாளர், "எப்படியும் எல்லாவற்றையும் கழற்றப்போகிறோம், வேறு மேக் பார்த்தால் என்ன?" என்று யோசிப்பார். அதைத் தடுக்க ராக்வெல் வைத்திருக்கும் தந்திரம் அழகு. பிஎல்சி-5இன் பழைய 1771 ரேக்கில் ஃபீல்டு ஒயர்கள் எல்லாம் ஒரு ஸ்விங் ஆர்மில் மாட்டியிருக்கும். 1492 கன்வெர்ஷன் கிட் வாங்கினால், ஒரு ஒயரைக்கூடக் கழற்றாமல் அந்த ஆர்மை அப்படியே கன்வெர்ஷன் மாட்யூலில் செருகி, கேபிள் வழியே புது கன்ட்ரோல்லாஜிக்ஸுக்குக் கொண்டுபோகலாம். மவுண்டிங் துளைகூடப் பழைய ரேக்கின் அளவுக்கே பொருந்தும். வாடிக்கையாளர் வேறு பக்கம் திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு ஷட்டவுனை அடைக்கத்தான் இந்த ஏற்பாடு. சீமென்ஸுக்கு இப்போது அதே பரீட்சை: எஸ்7-300 வரிசை 2023 அக்டோபரில் நிறுத்தப்பட்டது, 2033 வரை ஸ்பேர் மட்டும். எந்த ஆட்டோமேஷன் கம்பெனியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: எந்த வரிசை நிற்கப்போகிறது, மாற்றுவதற்கு எவ்வளவு சுலபமான வழி வைத்திருக்கிறார்கள்?

இதே பலம் எல்லாப் பொருளிலும் இல்லை. டிரைவை மாற்றுவது பிஎல்சி மாற்றுவது போலல்ல. பவர் பக்கம் ஆறு ஒயர், கன்ட்ரோல் பக்கம் சில டெர்மினல், மோட்டார் நேம்பிளேட்டைப் பார்த்துப் பாராமீட்டர் போட்டால் பம்ப், ஃபேன் எல்லாம் அரை நாளில் ஓடிவிடும். அதனால்தான் சீனாவின் இனோவான்ஸ் போன்றவர்கள் டிரைவ், சர்வோ வழியாக நுழைகிறார்கள். புது மெஷினிலும் கதை வேறு. அங்கே முடிவெடுப்பது மெஷின் பில்டர், அவருக்கு விலைதான் கண்ணுக்குத் தெரியும். நம் ஊர் பேக்கிங் மெஷின்காரர் டெல்டாவோ மிட்சுபிஷியோ எஸ்7-1200ஓ போடுவார். வாங்குபவர் ஸ்பெசிஃபிகேஷனில் "ஆலன்-பிராட்லி மட்டும்" என்று எழுதினால்தான் ராக்வெல் உள்ளே வரும். சாதாரண சர்வர் கம்ப்யூட்டரிலேயே ஓடும் வர்ச்சுவல் பிஎல்சி பற்றி நிறைய பேச்சு அடிபடுகிறது. சீமென்ஸ் எஸ்7-1500வி என்று ஒன்றை விற்கவும் செய்கிறது. அது ஓடும் லைன்களைத் தொட ரொம்ப வருஷம் ஆகும் என்பது என் கணிப்பு.

இப்போது காசு விஷயத்துக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் கோட்டை விடும் இடம் இது.

2021, 2022இல் சிப் பற்றாக்குறை. பிஎல்சி கார்டு கைக்கு வர மாதக்கணக்கில் ஆனது. டிஸ்ட்ரிப்யூட்டரும் மெஷின் பில்டரும் என்ன செய்தார்கள்? பத்து தேவைப்பட்ட இடத்தில் இருபது ஆர்டர் போட்டார்கள். ஆர்டர் கையிருப்பு (வந்தும் இன்னும் சரக்கு அனுப்பாத ஆர்டர்) மலைபோல ஏறியது, அனலிஸ்டுகள் எல்லாம் அதை "டிமாண்ட்" என்று படித்தார்கள். 2023 நிதியாண்டில் சரக்கு வரத் தொடங்கியது, விற்பனை 906 கோடி டாலர். அடுத்த வருஷம் எல்லோர் அலமாரியும் நிரம்பியிருந்தது, யாரும் ஆர்டர் போடவில்லை. 2024இல் விற்பனை 826 கோடி டாலராக இறங்கியது. 2025இல் 834 கோடி. ஃபேக்டரிகள் மூடவில்லை, லைன்கள் நிற்கவில்லை, இறங்கியது அலமாரிச் சரக்கு மட்டும்தான்.

மொத்த விற்பனை 9 சதவீதம்தானே குறைந்தது என்று விட்டுவிடாதீர்கள், செக்மென்ட் பக்கத்தைத் திறங்கள். பிஎல்சியும் சாஃப்ட்வேரும் இருக்கும் சாஃப்ட்வேர் அண்ட் கன்ட்ரோல் பிரிவின் விற்பனை 289 கோடி டாலரிலிருந்து 219 கோடிக்கு விழுந்தது. லாப விகிதம் 33 சதவீதத்திலிருந்து 24க்கு. அதாவது குறைந்த ஒவ்வொரு 100 டாலர் விற்பனைக்கும் சுமார் 60 டாலர் லாபம் கூடவே போனது. பிஎல்சியில் மெட்டீரியல் செலவு சின்னது, ஆராய்ச்சிச் செலவும் சம்பளமும் விற்பனை குறைந்தாலும் குறையாது, அதனால் இப்படி. அதே வருஷம் லைஃப்சைக்கிள் சர்வீசஸ் 10 சதவீதம் ஏறியது, ஆனால் அதில் மார்ஜின் குறைவு. ஏறும்போது இதே கணக்கு தலைகீழாக வேலை செய்யும், இந்தப் பங்கின் ருசியே அதில்தான் இருக்கிறது. பணவரத்தும் அடி வாங்கியது: 2024இல் நிகர லாபம் சுமார் 95 கோடி டாலர், தடையற்ற பணவரத்து (செலவும் முதலீடும் போகக் கையில் நிற்கும் பணம்) 64 கோடிதான்.

அதனால் ஆர்டர் கையிருப்பு ஏறுவதைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். டெலிவரி காலம் எவ்வளவு என்று கேளுங்கள். டெலிவரி காலம் நீளும்போது கையிருப்பு ஏறினால் அதில் பாதி பயத்தில் போட்ட ஆர்டர். டெலிவரி நாலைந்து வாரமாகக் குறைந்த பிறகும் ஆர்டர் ஏறினால் அது நிஜம். டிஸ்ட்ரிப்யூட்டருக்கு அனுப்பியது எவ்வளவு, டிஸ்ட்ரிப்யூட்டர் ஃபேக்டரிக்கு விற்றது எவ்வளவு என்ற வித்தியாசத்தை மேனேஜ்மென்ட் காலாண்டுப் பேச்சில் எப்படியும் தொடும், கேள்வி-பதில் பகுதியில்தான் உண்மை வரும்.

"வருடாந்திரத் தொடர் வருமானம்" என்ற எண்ணை எல்லாக் கம்பெனியும் இப்போது முதல் பக்கத்தில் போடுகிறது. ராக்வெல்லும் போடுகிறது. அதில் கிளவுட் சாஃப்ட்வேர் சந்தா மட்டும் இல்லை, சப்போர்ட் கான்ட்ராக்டும் சேரும். சப்போர்ட் கான்ட்ராக்ட் நல்ல வருமானம்தான், ஆனால் அதற்கு ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும். சாஃப்ட்வேர் கம்பெனிக்குக் கொடுக்கும் விலையை அதற்குக் கொடுக்க முடியாது. 2021இல் ப்ளெக்ஸ் சிஸ்டம்ஸை 222 கோடி டாலர் கொடுத்து வாங்கினார்கள், உற்பத்தி நிர்வாக கிளவுட் சாஃப்ட்வேர். என் பார்வையில் விலை அதிகம். பிஎல்சி விற்கும் டிஸ்ட்ரிப்யூட்டருக்கு மெயின்டனன்ஸ் மேனேஜரைத் தெரியும். ப்ளெக்ஸை வாங்க முடிவெடுப்பவர் ஐடி தலைவரும் நிதித் தலைவரும். இரண்டும் வேறு வாசல். பிடிசி என்ற சாஃப்ட்வேர் கம்பெனியில் 2018இல் 100 கோடி டாலர் போட்டுப் பங்கு எடுத்து 2023க்குள் விற்றதில் நல்ல லாபம், ஆனால் அது முதலீட்டு லாபம், தொழில் பலம் ஆகாது. 2017இல் எமர்சன் என்ற இன்னொரு ஆட்டோமேஷன் கம்பெனி ராக்வெல்லை சுமார் 2,900 கோடி டாலருக்குக் கேட்டு வந்தபோது முடியாது என்றார்கள். அந்த முடிவு பங்குதாரருக்குச் சரியாகவே வந்தது.

அபாயத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2024 மே மாதம் ராக்வெல், பொது இணையத்தோடு இணைப்பதற்கென்று வடிவமைக்கப்படாத தன் கருவிகளை உடனே இணைப்பிலிருந்து கழற்றச் சொல்லி வாடிக்கையாளருக்கு எழுதியது. ஸ்பேர் அலமாரி நம்பிக்கையைச் சட்டென்று உடைக்கக் கூடியது ஒரு பெரிய சைபர் தாக்குதல்தான், சீன விலைப் போட்டி அதற்கு அப்புறம்.

விலை எப்படிப் பார்ப்பது? சரிக்கட்டிய (ஒருமுறை மட்டும் வரும் வரவு செலவுகளை நீக்கிய) ஒரு பங்கு லாபம் 2023இல் 12.12 டாலர், 2024இல் 9.71, 2025இல் 10.53. பங்கு 300 டாலர் என்று வைத்துக்கொண்டால், உச்ச வருஷ லாபத்தில் பி.இ. (விலை, ஒரு பங்கு லாபத்தின் எத்தனை மடங்கு) 25, அடிமட்ட வருஷத்தில் 31. ஒரே கம்பெனி, ஒரே விலை. பி.இ. குறைவாகத் தெரிவது ஆபத்தான வருஷம், அதிகமாகத் தெரிவது பாதுகாப்பான வருஷம். மூன்று வருஷச் சராசரி 10.79 டாலர், அதை வைத்துப் பார்த்தால் 28. இதற்கு மேல் கொடுப்பதென்றால் சாஃப்ட்வேர் அண்ட் கன்ட்ரோல் பிரிவின் மார்ஜின் பழைய 33 சதவீதத்துக்குத் திரும்பும் என்று நீங்கள் நம்ப வேண்டும். நான் சராசரி லாபத்தின் 25 மடங்குக்கு மேல் போக மாட்டேன். நல்ல கம்பெனி, ஆனால் அலமாரி காலியாகும் வருஷத்தில் வாங்க வேண்டிய கம்பெனி.

சென்னையில் 98,000 சதுர அடியில் ராக்வெல் தொழிற்சாலை அறிவித்ததைப் பார்த்து, "நம்ம ஊர்ல பிளான்ட் வருது, பங்கு வாங்கலாம்" என்றும் ஒரு பதிவு ஓடியது. சப்ளை செயினுக்கு நல்லது, ஆனால் அதை வைத்துப் பங்கு விலை கணக்குப் போட முடியாது. இங்கிருந்து அமெரிக்கப் பங்கு வாங்குபவர் டிவிடெண்டில் 25 சதவீதம் அங்கேயே பிடிப்பார்கள் என்பதையும், வருமானவரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணை நிரப்ப வேண்டும் என்பதையும், அமெரிக்கச் சொத்து 60,000 டாலரைத் தாண்டினால் வாரிசுகளுக்கு அங்கே எஸ்டேட் வரி வரும் என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்ளட்டும்.

இங்கேயே பட்டியலான பங்குதான் வேண்டும் என்றால் ஹனிவெல் ஆட்டோமேஷன் இந்தியா, ஏபிபி இந்தியா இரண்டும் இருக்கின்றன. இரண்டிலும் தாய்க் கம்பெனி கையில் 75 சதவீதம். டெக்னாலஜி தாய்க் கம்பெனியுடையது, எந்த வேலையை இந்தியாவுக்குக் கொடுப்பது என்பதும் அவர்கள் முடிவு. அதனால் தொடர்புடைய தரப்புப் பரிவர்த்தனைக் குறிப்பை வரி வரியாகப் படியுங்கள். ஹனிவெல்லில் மொத்தமே 88.4 லட்சம் பங்குதான், வெளியில் சுற்றுவது 22 லட்சம். நினைத்த நேரத்தில் நினைத்த விலைக்கு விற்க முடியாது. ஏபிபி இந்தியாவை ரோபோவுக்காக வாங்குபவர்கள் ஆண்டறிக்கையில் செக்மென்ட் குறிப்பைப் பார்க்கட்டும்: காசு வருவது எலக்ட்ரிஃபிகேஷனிலும் (மின் விநியோகக் கருவிகள்) மோஷனிலும் (மோட்டார், டிரைவ்), ரோபோட்டிக்ஸ் அதில் சின்னப் பங்காகத்தான் இருந்தது.