ஓம் சாந்தி ஓம்: ஆடம்பரக் கேலியின் பலமும் பலவீனமும்

ஃபரா கான் இயக்கத்தில் 2007ஆம் ஆண்டு தீபாவளியையொட்டி வெளிவந்த 'ஓம் சாந்தி ஓம்', எழுபதுகளின் இந்தி சினிமாவைக் கிண்டல் செய்வதற்காகவே பணத்தைக் கொட்டி எடுக்கப்பட்ட படம். பாடல்கள் வரும் இடங்களில் அந்தச் செலவு வீண்போகவில்லை என்பதே என் கருத்து.

கதை 1977இல் நடக்க, படமோ 1980இல் வெளிவந்த 'கர்ஸ்' படத்தின் பாடலோடு தொடங்குகிறது. இதைப் பிழை என்பவர்கள் உண்டு. தர்க்கத்தைப் பொருட்படுத்தாத மசாலாப் படங்களைப் பகடி செய்யும் படத்துக்கு இந்த அலட்சியம் பொருத்தமாகவே இருக்கிறது. 'தூம் தானா' பாடலில் சுனில் தத், ராஜேஷ் கன்னா, ஜிதேந்திரா ஆகியோரின் பழைய காட்சிகளுக்குள் தீபிகா படுகோனைக் கணினி வழியே பொருத்தியிருக்கிறார்கள். கேலி செய்யப்படும் சினிமாவின் மீது தீராத காதல் கொண்ட ஒருவரால்தான் அதை அத்தனை நுணுக்கமாகச் செய்திருக்க முடியும். கதைக்குள் எடுக்கப்படும் ஒரு படத்தில் உடல் செயலிழந்த நாயகனாக நடிக்கும் நட்சத்திரம் தனக்கு ஒரு கனவுப் பாடல் வேண்டுமென்று அடம்பிடிக்க, அதிலிருந்து 'தர்த்-எ-டிஸ்கோ' பிறக்கும் இடம், நட்சத்திர வழிபாட்டைப் பற்றிப் பல கட்டுரைகள் சொல்லாததைச் சொல்லிவிடுகிறது.

பொம்மைப் புலியோடு சண்டையிட்டு "மைண்ட் இட்" என்று முழங்கும் தென்னிந்திய நாயகன் வரும்போது மட்டும் அந்த நுணுக்கம் காணாமல் போகிறது. நம்மைக் கிண்டல் செய்தார்களே என்பதல்ல என் வருத்தம் (நம் நாயகர்களை நாமே இதைவிட நன்றாகக் கிண்டல் செய்வோம்); மும்பை சினிமாவை அணு அணுவாக அறிந்தவர்கள், இங்கே எவரோ சொல்லக் கேட்ட கேலியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இடைவேளைக்குப் பிறகு மறுபிறவியும் பழிவாங்கலும் வந்ததும், படம் தான் கேலி செய்துகொண்டிருந்த கதையைத் தானே நம்பத் தொடங்குகிறது. மறுபிறவியைப் பேசிய பழைய இந்திப் படமான 'மதுமதி'யை நினைவூட்டும் இறுதிக் கட்டத்தில் நகைச்சுவை அநேகமாக வற்றிவிடுகிறது. அதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. புகழுக்காக ஏங்கிய துணை நடிகர் ஓம் பிரகாஷ் மகிஜா, அடுத்த பிறவியில் ஒரு நட்சத்திரத்தின் மகனாகப் பிறந்துதான் நட்சத்திரமாகிறார். திரையுலகின் வாரிசு வழக்கத்தைக் கிழித்துத் தொங்கவிட இதைவிட நல்ல வாய்ப்பு அமைந்திருக்காது. படமோ அதைச் சில நொடிச் சிரிப்போடு கடந்து, வாரிசின் கையிலேயே வெற்றியைக் கொடுத்துவிடுகிறது. இத்தனைக்கும், திரைக்குப் பின்னால் உழைத்தவர்களையெல்லாம் சிவப்புக் கம்பளத்தில் நடக்கவிட்டுப் பெருமைப்படுத்துகிற படம் இது.