கொழும்புக்குச் சரி, நுவரெலியாவுக்கு?

உங்கள் கட்டுரையில், கொழும்பில் இருக்கும் மகாவலி அதிகார சபைக் கட்டடத்தைப் பாராட்டி எழுதியிருக்கிறீர்கள். பாராட்டலாம், தப்பில்லை. 1970களின் பிற்பகுதியில் அரச ஈட்டு வங்கிக்காக கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வடிவமைத்த 12 மாடி அது. வெளிக்காற்று தானாகவே உள்ளே வந்து போகிற மாதிரி அமைத்தார். ஆனால் மலையகத்தில் இனி வரும் அரச அலுவலகங்களும் அதையே பின்பற்ற வேண்டும் என்று நீங்கள் சொல்கிற இடத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை.

நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பு போல வெக்கை இல்லை, குளிர். இங்கே காற்றைத் தடுப்பதுதான் வேலை. தென்மேல் பருவக்காற்று நேரம் மழை சாய்ந்தடிக்கும். 1894இல் கட்டிய செங்கல் தபாலகத்தைப் பாருங்கள், செங்குத்தான கூரை, தண்ணீர் தேங்க வழியே இல்லை. (வெள்ளைக்காரன் தன் ஊர் நினைப்பில் கட்டியதுதான், ஆனாலும் பொருந்திவிட்டது.) எங்கள் பக்கத்து அலுவலகம் ஒன்றுக்குத் தட்டையான கொங்கிரீட் கூரை போட்டார்கள். இப்போது அதற்கு மேல் தகரம் அடித்திருக்கிறது!

அப்புறம் மண்சரிவு. மலையை வெட்டி ஒரே பெட்டியாக எழுப்புவதை விட, சரிவோடு இறங்கும் சிறிய கட்டடங்கள் நல்லது. அதற்காக ஆச்சிமாரைப் படியேற விடாதீர்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பிறப்புச் சான்றிதழுக்கு வருகிறவர்களுக்கு வீதி மட்டத்திலேயே கவுண்டர், நனையாமல் வரிசையில் நிற்க அகலமான தாழ்வாரம், ஒழுங்கான மலசலகூடம் வேண்டும். கண்ணாடி முகப்புக்கு ஒதுக்கும் காசை இதற்குப் போடலாம்.