நேரமே இல்லாத தீவாம்!

வட நோர்வேயின் சொமாரோய் தீவில் நேரமே இல்லை என்று ஒரு தம்பி போட்ட காணொளியைப் பற்றி ஒன்றும் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். அதன் கீழே நான் எழுதிய மறுப்பும், அதற்கு மீன் வெட்டியவர்களைக் கேலி செய்து தம்பி தந்த பதிலும் உங்களில் பெரும்பாலானோர் பார்த்ததுதான். ஆனால் நேற்று கனடாவிலிருந்து என் மச்சாளே அதை எனக்கு அனுப்பி, "உங்கள் பக்கத்தில் மணிக்கூடே இல்லையாமே, கொடுத்துவைத்தவர்கள்" என்று எழுதியிருந்தாள். வட நோர்வேயின் ஒரு தீவில் பாதி ஆயுளைக் கழித்தவளிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்?

சொமாரோய் தீவு மக்கள் நேரத்தை ஒழித்துவிட்டார்கள் என்பது பொய். ட்ரொம்சோ நகரத்துக்கு மேற்கே, முந்நூற்றுச் சொச்சம் பேர் வாழும் இடம் அது. 2019 ஜூனில், அங்குள்ள பாலத்தில் கைக்கடிகாரங்களைக் கட்டித் தொங்கவிட்ட படம் உலகம் முழுவதும் போனது. அதே மாதத்தில் அரச ஒலிபரப்பான என்.ஆர்.கே. விஷயத்தை உடைத்தது. சுற்றுலாவுக்காக, இன்னோவேஷன் நோர்வே என்ற அரச நிறுவனம் பணம் கொடுத்து நடத்திய விளம்பரம் அது. அந்த நிறுவனம் பிறகு மன்னிப்பும் கேட்டது. தம்பியின் காணொளியில் பாலம் இருக்கிறது, கடிகாரங்கள் இருக்கின்றன, பின்னணியில் புல்லாங்குழல்கூட இருக்கிறது. மன்னிப்பு மட்டும் இல்லை.

மே நடுப்பகுதி தொடக்கம் ஜூலை கடைசிவரை அங்கே சூரியன் மறையாது என்பது உண்மை. இரவு பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகள் பந்தடிப்பதும், விடியற்காலை இரண்டு மணிக்கு ஒருவர் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பதும் உண்மை. நானே அந்த வெளிச்சத்தில் துணி காயப்போட்டிருக்கிறேன். அதற்காக நேரம் இல்லாமல் போய்விடுமா? மறுநாள் காலை பள்ளிக்கூட மணி அடிக்கத்தான் செய்யும். வெளிச்சம் சொல்லாத நேரத்தை மணிக்கூடுதான் சொல்ல வேண்டும். கன்னங்கரிய திரைச்சீலை போட்டு, மணியைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளையைத் தூங்கவைக்கும் தாயிடம் போய் "உங்களுக்கு நேரம் என்ற கவலையே இல்லையே" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கடற்கரை மக்களைப்போல நேரத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் வேறு யாரும் இல்லை. 1893இல் கரையோரத் துறைமுகங்களை இணைக்கும் ஹுர்டிக்ரூட்டன் கப்பல் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து தபாலும் மருந்தும் ஆட்களும் அதன் அட்டவணைப்படிதான் வந்து போனார்கள். லொஃபோட்டன் தீவுக்கூட்டத்தில், பெரிய மீன்பிடிக் காலத்தில், காலையில் கொடி ஏறும்வரை எந்தப் படகும் புறப்படக் கூடாது என்று ஒரு காலத்தில் விதியே இருந்தது. ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரை வடக்கே பேரன்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிட வரும் ஸ்க்ரை என்ற கொட் மீன் யாருக்காகவும் காத்திருக்காது. அதை உப்பில்லாமல் மரச்சட்டங்களில் தொங்கவிட்டுக் காற்றில் காயவைப்பார்கள். முந்திப் போட்டால் உறைபனி சதையைக் கெடுக்கும், பிந்தினால் ஈ மொய்த்துவிடும். அந்த இடைவெளிக்குள் வேலையை முடிக்கத் தெரிந்ததால்தான் நூற்றாண்டுகளாக இத்தாலிவரை அந்த மீன் விலைபோகிறது.

தெற்கே வேகா தீவுகளில் ஈடர் என்ற காட்டுக் கடல்வாத்துகள் வருவதற்கு முன்பே ஊர்மக்கள் அவற்றுக்காகக் கடற்பாசியைப் பொறுக்கி உலர்த்திக் கூடு செய்து வைத்துவிட வேண்டும். வாத்து அடைகாக்கும் வாரங்களில் சத்தம் போடக்கூட மாட்டார்கள். பறவைகள் குஞ்சுகளோடு கடலுக்குப் போன பிறகுதான் கூட்டிலிருக்கும், போர்வைக்குள் திணிக்கும் மெல்லிய தூவியை எடுப்பார்கள். 2004இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் அந்த இடத்தைச் சேர்த்தது இந்த வாழ்க்கைக்காகத்தான். ஒரு வாத்தின் நாட்காட்டிக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிறவர்களைத்தான் நீங்கள் "நேரமற்ற மனிதர்கள்" என்கிறீர்கள்.

என் கதைக்கு வருகிறேன். எண்பதுகளின் கடைசியிலிருந்து எங்கள் தமிழ் ஆட்கள் நிறையப் பேர் நோர்வேயின் வடகோடியில் உள்ள ஃபின்மார்க் கரையோர மீன் தொழிற்சாலைகளில்தான் வேலைக்குச் சேர்ந்தார்கள். நானும் அப்படி வந்தவள்தான். கீழே விளக்கெரியும் மேசையில் மீன் துண்டத்தைப் போட்டுப் புழு இருக்கிறதா என்று பார்த்து, முள்ளை வெட்டி எடுப்பது என் வேலை. வாசலில் அட்டை குத்தும் மணிக்கூடு. இடைவேளைக்கு ஒருமுறை மணி அடிக்கும், இடைவேளை முடிய மறுபடி அடிக்கும். படகு பிந்தினால் வேலை பிந்தும். நிறைய மீனோடு வந்தால் வீட்டுக்குப் போன் வரும், சாப்பாட்டை அப்படியே மூடிவைத்துவிட்டு ஓடுவோம். டிசம்பரில் வேலைக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. நடுப்பகலில் கொஞ்ச நேரம் நீல வெளிச்சம் வரும், அப்போது நான் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பேன். சூரியனே எழும்பாத அந்த வாரங்களில் என்னைப் பைத்தியம் பிடிக்காமல் வைத்திருந்தது அந்தச் சுவர் மணிக்கூடுதான். பக்கத்து மேசையில் நின்ற நோர்வேக்காரப் பெண்மணி ஒருவர், "பதினொன்றாகிவிட்டது, கோப்பி" என்று தினமும் என் தோளில் தட்டுவார். எனக்கு முதலில் விளங்கிய நோர்வே மொழி அதுதான்.

இதற்கெல்லாம் என்ன பதில் வரும் என்று தெரியும். "அக்கா, ஒரு விளம்பரம்தானே, யாருக்கு நட்டம்?" நட்டம் இருக்கிறது. வேலை செய்து வாழும் ஊரை நீங்கள் பொம்மை ஊராக்குகிறீர்கள். படகுத்துறையில் வலை இழுப்பவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் படம் எடுப்பவர்களைக் கண்ணால் கண்டிருக்கிறேன். "ஊர்க்காரர்களே முன்னால் நின்று பேசினார்களே?" நின்றார்கள். வருமானம் வரும் என்றால் யார்தான் நிற்கமாட்டார்கள்? அதற்குமேல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. "உங்களுக்கு நகைச்சுவையே விளங்காது" என்று சொல்லப்போகிறவர்கள், உறைந்த கையோடு மீனின் நாக்கை வெட்டும் பத்து வயதுப் பிள்ளைகளின் பகிடிகளைக் கேட்டதில்லை. பள்ளி விட்டதும் வந்து நாக்கு வெட்டிச் சம்பாதிக்கும் அந்தப் பிள்ளைகள் அடிக்கும் பகிடியில் கால்வாசிகூட உங்கள் காணொளியில் இல்லை.

தம்பி, "மீன் வெட்டியவர்களுக்கு அழகியல் எங்கே விளங்கப்போகிறது" என்று எழுதினீர்களே, அதற்கு எண்பது பேர் சிரிப்புக் குறி போட்டார்களே, அதுதான் என்னை இங்கே இழுத்துவந்தது. அவர்களில் நாலைந்து பெயர்கள் எனக்குத் தெரிந்தவை. ஒஸ்லோவில் வடிவான வீடு வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டு முதல் தவணை எந்த மேசையிலிருந்து வந்தது என்று அவர்கள் தங்கள் தாய்தகப்பனிடம் கேட்கட்டும். கல்யாண வீட்டில் "நீங்கள் இன்னும் மேலே வடக்கில்தானா?" என்று பரிதாபமாகக் கேட்பதும் இவர்கள்தான், ஜூலையில் வந்து என் வீட்டில் படுத்துக்கொண்டு நடுநிசிச் சூரியனோடு படம் எடுத்துப் போடுவதும் இவர்கள்தான். மீன் வாடை அப்போது மூக்கில் ஏறாது போலும்! நாங்கள் இங்கே இருந்தது தோற்றுப்போனதால் அல்ல. எங்களுக்கு இந்த ஊர் பிடித்திருந்தது. என் பிள்ளைகளுக்கு நீந்தவும் படகோட்டவும் சொல்லிக் கொடுத்தது இந்த ஊர்தான். அதை விளங்கப்படுத்த எனக்கு வராது, விளங்கப்படுத்த வேண்டிய கடனும் எனக்கு இல்லை.

தம்பி, உங்களுக்கு என் வீட்டில் இடம் உண்டு. ஜூலையில் அல்ல, ஜனவரியில் வாருங்கள். சோறும் குழம்பும் நான் தருகிறேன், மீன் தீவு தரும். பாலம் எங்கள் பக்கத்தில் இல்லை, படகில்தான் வர வேண்டும். மாலைப் படகைத் தவறவிட்டால் இரவு முழுவதும் துறையில் இருந்துவிட்டு மறுநாள் காலைதான் வரலாம். அது எத்தனை மணிக்குப் புறப்படும் என்று மட்டும் எனக்குப் போன் எடுத்துக் கேட்காதீர்கள்.