மாசத்தை விடுங்க, முதல்ல ஜன்னலைத் திறங்க

கல்யாணம் முடிஞ்ச ஈரம் காயலை, அதுக்குள்ள ஆளாளுக்கு நாள்காட்டியைத் தூக்கிட்டு வந்துடறாங்க. சித்திரையில பொறக்கக் கூடாது, ஐப்பசி மழையில பொறந்தா சளி விடாது, மார்கழி ஆகாது, தையில பொறந்தா ராஜா மாதிரி இருப்பான். காட்பாடியில ஒரு அத்தை, குடியாத்தத்துல ஒரு பெரியம்மா, போதாததுக்குப் பக்கத்து வீட்டு அக்கா. பிள்ளை பெறுவது என்ன, கல்யாண மண்டபம் புக் பண்ற வேலையா?

ஆடிக் கணக்கையே எடுத்துக்குங்க. புதுப்பொண்ணை ஆடிக்கு அழைச்சுட்டுப் போய் ஒரு மாசம் அம்மா வீட்டுல வெச்சுக்கிறது, ஆடியில தங்கின கரு சித்திரையில பிறக்கும்கிற பயத்துல. அந்தக் காலத்துல ஃபேன் கிடையாது, பிரசவம் வீட்டுல, கோடை முழுக்க அம்மை. அவங்க பயந்ததுல நியாயம் இருந்தது. ஆனா இன்னிக்கு அதையே வேதமா பிடிச்சுக்கிட்டு நிக்கறவங்க யாராவது விரல் விட்டு எண்ணிப் பார்த்திருக்காங்களா? கரு தங்கினதிலிருந்து பிரசவம் வரைக்கும் சராசரியா 266 நாள். ஜூலை 17-ல, ஆடி முதல் தேதி தங்கினா ஏப்ரல் 9 வாக்குல பிறக்கும். ஆகஸ்ட் 16-ல, ஆடி கடைசியில தங்கினா மே 9. கத்திரி வெயில் தொடங்குறதே மே 4-ல, முடியறது மே 28, 29-ல. அப்போ கத்திரி உச்சத்துல பிறக்கறது யாரு? ஆவணியில தங்கின பிள்ளை! வரிசையா முகூர்த்தம் வெச்சு, வாழ்த்தி, விருந்து போட்டு அனுப்பறீங்களே, அதே ஆவணி. மாசியில பிறந்த குழந்தை கத்திரியை மூணாவது மாசத்துல பார்க்கும். ஜூன், ஜூலையில பிறக்கப்போற குழந்தையோட அம்மா மே மாசம் முழுக்க எட்டு, ஒன்பது மாச வயிறோட வெந்துட்டு இருப்பா. வேலூர்ல கோடையைத் தொடாம பிள்ளை பெற ஒரு மாசம் கூடக் கிடையாது. மரமில்லாத மலை, நீரில்லாத ஆறுன்னு நாமளே சொல்லிக்கிற ஊரு இது. பகல்ல சூடேறின பாறையும் சிமெண்ட்டும் ராத்திரி பத்து மணிக்கும் அனல் அடிக்குது, கடல் காத்து இங்க வந்து சேர்றதில்லை. இதுல எந்த மாசத்துக்கு ஓடி ஒளியறது?

சரி, மாசத்தைக் குறிச்சு வெச்சா மட்டும் கரு சொன்ன பேச்சைக் கேட்டுடுமா? ஒரு மாதவிடாய்ச் சுழற்சியில கரு தங்க வாய்ப்பு இருக்கறது முட்டை வெளியாகிற நாளையும் அதுக்கு முந்தின அஞ்சு நாளையும் சேர்த்து ஆறே நாள்தான். இருபதுகள்ல இருக்கற, எந்தக் குறையும் இல்லாத தம்பதிக்கே ஒரு மாசத்துல தங்குற வாய்ப்பு நாலுல ஒண்ணு. ஒரு வருஷம் முயற்சி பண்ணினா நூத்துக்கு எண்பது, எண்பத்தஞ்சு பேருக்குத் தங்கும். அதனாலதான் ஒரு வருஷம் பார்த்துட்டு டாக்டர்கிட்ட போகச் சொல்றாங்க. பொண்ணுக்கு 35 தாண்டிட்டா ஆறே மாசம். போகும்போது ரெண்டு பேருமே போகணும். ஆணுக்கான விந்து பரிசோதனை சுலபமானது, செலவும் கம்மி, அதை முதல்லயே முடிச்சுடலாம். ஆனா நம்ம வீட்டுல நடக்கறது என்ன? 33, 34 வயசுப் பொண்ணை "வெயில் போகட்டும், மழை போகட்டும்"னு நிறுத்தி வெச்சு, அப்புறம் தங்கலைன்னா அவ மேலேயே பழி.

டாக்டர் குறிச்சுக் கொடுக்கற தேதியிலேயே பிறக்கற குழந்தை நூத்துல நாலோ அஞ்சோதான். கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணி, 37 வாரம் முடிஞ்சதிலிருந்து 42 வாரத்துக்குள்ள எப்ப வேணா வலி வரலாம். அஞ்சு வாரம் முன்னபின்ன ஆகிற விஷயத்துல பங்குனியா சித்திரையான்னு ஒரு பஞ்சாயத்து!

இதைவிட வயிறு எரியறது நாள் நட்சத்திரம் பார்த்து அறுக்கச் சொல்றதுதான். மார்கழி பிறக்கறதுக்குள்ள எடுத்துடுங்க, மூலம் வர்றதுக்குள்ள எடுத்துடுங்க, பள்ளிக்கூடத்துல ஒரு வருஷம் போயிடும் ஜூலை 31-க்குள்ள எடுத்துடுங்க. 37 வாரத்துல வலியே வராம ஆபரேஷன் பண்ணி எடுத்தா, 39 வாரத்துல எடுக்கறதைவிட மூச்சுத் திணறல் வர்ற வாய்ப்பு அதிகம். நுரையீரல்ல இருக்கற தண்ணி வத்தறதுக்கு வலி தொடங்கறதே பெரிய உதவி. அது இல்லாம எடுத்த குழந்தை நெஞ்சுக்குழி உள்வாங்க வேகமா மூச்சு விடும். நல்ல நட்சத்திரத்துல பிறந்துட்டு, மூக்குல ஆக்சிஜன் குழாயோட, சூடு கொடுக்கற வார்மர் படுக்கையில படுத்திருக்கும். அம்மா வேற வார்டுல, சீம்பால் குடிக்க வழியில்லாம. மருத்துவக் காரணம் இருந்தா 37 என்ன, 32 வாரத்துலயும் எடுத்துத்தான் ஆகணும், அது வேற. ஜோசியர் குறிச்ச நேரத்துக்கு அந்த உயிரோட மூச்சைப் பணயம் வைக்காதீங்க.

இப்போ சித்திரைக்கு வருவோம். அந்த மாசத்துல பிறந்த குழந்தையைக் கஷ்டப்படுத்தறது பாதி வெயில், பாதி நாம. சிமெண்ட் ஷீட் போட்ட அறை, ஜன்னல் சாத்தியிருக்கு, ஃபேன் போடக் கூடாது, ஜன்னி வந்துடுமாம். பச்சை உடம்புக்காரி காதுல பஞ்சு, தலையில துணி. தாகம்னு கேட்டா அரை டம்ளர் வெந்நீர், அதுக்கு மேல குடிச்சா வயிறு பெருத்துடுமாம். அய்யோ, தாய்ப்பால்ல நூத்துக்கு 88 பங்கு தண்ணிதாங்க! நம்ம ஊர் மே மாசத்துல பால் கொடுக்கற பொண்ணுக்கு மூணு லிட்டராவது உள்ள போகணும். ஒவ்வொரு தடவை பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்துல ஒரு சொம்பு தண்ணி இருக்கணும். மோர், இளநீர், ரசம், கஞ்சி எதுவா இருந்தாலும் சரி. அவ சிறுநீர் மஞ்சளா, சொற்பமா, எரிச்சலோட போனா தண்ணி பத்தலைன்னு அர்த்தம். அதை "பிள்ளை பெத்த சூடு"ன்னு தள்ளிவிடாதீங்க.

அம்மாவுக்குத் தண்ணி கொடுக்காத அதே கை, குழந்தைக்கு மட்டும் சங்குல சர்க்கரைத் தண்ணி ஊத்தும். இது எந்த ஊர் நியாயம்? ஆறு மாசம் வரைக்கும் எந்த வெயிலுக்கும் குழந்தைக்குத் தனியா தண்ணி வேண்டாம். குட்டி வயிறு தண்ணியால நிரம்பினா பால் குடிக்காது, ரத்தத்துல உப்புச் சத்து குறைஞ்சு வலிப்பு வரைக்கும் போகும். தேன், கழுதைப்பால், கிரைப் வாட்டர், உரைமருந்து எதுவும் வேண்டாம். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னெண்டு தடவை தாய்ப்பால். வெயில் நாள்ல இன்னும் அடிக்கடி கேட்கும், கொடுங்க.

பால் பத்துதான்னு பார்க்க ஜோசியம் வேண்டாம், குழந்தை சிறுநீர் போன ஈரத்துணியை எண்ணுங்க. முதல் நாள் ஒண்ணு, ரெண்டாம் நாள் ரெண்டு, அஞ்சாம் நாளுக்கு அப்புறம் ஆறுக்குக் குறையக் கூடாது. முதல் சில நாள் எடை கொஞ்சம் இறங்கும், ரெண்டு வாரத்துக்குள்ள பிறந்த எடைக்குத் திரும்பிடணும். பத்துல ஒரு பங்குக்கு மேல இறங்கிட்டாலோ, துணியில செங்கல் நிறத்துல கறை தெரிஞ்சாலோ, உச்சிக்குழி பள்ளமா போனாலோ, எழுப்பினாலும் பாலுக்கு எழும்பாம தூங்கினாலோ அது சமத்துக் குழந்தை இல்லை, காய்ஞ்சுட்டு இருக்கற குழந்தை. சித்திரை, வைகாசியில ரெண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள்ள இப்படி வத்திப்போய் காய்ச்சலோட வர்ற குழந்தைகள் உண்டு. மூணு மாசத்துக்குக் கீழ 100.4 டிகிரி காய்ச்சல்னா அது வெறும் சூடுதான்னு வீட்டுல முடிவு பண்ணாதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க.

உடுப்பு ஒரே ஒரு பருத்தி ஜப்லா போதும். சாக்ஸ், கையுறை, குல்லா, மேல ஒரு டவல், அதுக்கு மேல தூளி, இதெல்லாம் மே மாசத்துல வேணவே வேணாம். ஃபேனைப் போடுங்க, முகத்துல நேரா அடிக்காம டேபிள் ஃபேனைச் சுவர் பக்கம் திருப்பி வைங்க. ஏசி இருந்தா 26, 28-ல வைங்க, ஒண்ணும் ஆகாது. வேர்க்குருவுக்குப் பவுடர் கொட்டாதீங்க, அந்தத் தூசு மூச்சுக்குள்ள போகும். சாம்பிராணிப் புகையும் அதே ரகம்.

மழைக் காலம் இவ்வளவு மோசமில்லை, ஆனா ஐப்பசி, கார்த்திகையில டெங்கு உண்டு. பகல்லயும் கொசுவலை கட்டணும், ஏன்னா அந்தக் கொசு பகல்லதான் கடிக்கும். காயாத ஈரத்துணி கட்டினா தொடையிடுக்குல புண் வரும், இஸ்திரி போட்டுக் கட்டுங்க. ஜவ்வாது மலைக் கிராமங்கள்ல இருக்கறவங்க தேதிக்கு ரெண்டு வாரம் முன்னாடியே கீழ இறங்கி அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் தங்கிடறது நல்லது, மழையில அந்த ரோட்டை நம்ப முடியாது. மார்கழிக் குளிருக்கு அம்மா நெஞ்சோட தோலும் தோலும் ஒட்ட அணைச்சு வெச்சா போதும், ரெண்டரை கிலோவுக்குக் குறைஞ்ச குழந்தைக்கு அதுதான் முதல் மருந்து.

இதெல்லாம் குழந்தை வெளியே வந்தப்புறம். வயித்துல இருக்கும்போது வெயில் என்ன பண்ணுதுன்னு பேசறதுக்கு ஒருத்தரும் இல்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்து ஆய்வாளர்கள் 2017-லிருந்து தமிழ்நாட்டுல 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்தாங்க. கடும் வெப்பத்துல வேலை செஞ்சவங்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. நம்ம பக்கம் செங்கல் சூளையில, வயல்ல, தோல் பதனிடற இடத்துல, ஷூ கம்பெனியில நிக்கற பொண்ணுங்க எத்தனை பேர்! கக்கூஸ் போக விடமாட்டாங்கன்னு காலையிலிருந்து தண்ணியே குடிக்காம நிக்கறாங்க. சித்திரைப் பிள்ளை குடும்பத்துக்கு ஆகாதுன்னு சொல்ற எந்தப் பெரியவராவது அந்த சூப்பர்வைசர்கிட்ட போய் "புள்ளத்தாச்சிப் பொண்ணு, மதியம் 12-லிருந்து 3 வரைக்கும் நிழல்ல வேலை கொடுப்பா"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்காரா?

திட்டம் போடணும்னு அவ்வளவு ஆசையா? போலிக் அமிலம் 400 மைக்ரோகிராம், கரு தங்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே தொடங்கணும். குழந்தையோட முதுகுத்தண்டு உருவாகத் தொடங்கறது பல பேருக்குக் கர்ப்பம்னு தெரியறதுக்கு முன்னாடியே. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ இருந்தா இப்பவே ஏத்துங்க. இரும்புச் சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் ஒண்ணா போடாதீங்க, ஒண்ணு இன்னொண்ணை உடம்புல சேரவிடாது. காபி, டீயோடயும் வேண்டாம்.

சித்திரை, வைகாசிக்குத் தேதி வந்திருக்கற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பொண்ணு முகத்துக்கு நேரா உச்சுக் கொட்டாதீங்க. மாசியிலேயே ஷீட் மேல சுண்ணாம்பு ரெண்டு கை அடிச்சுடுங்க. மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஈரச்சாக்கு தொங்கவிட ஒரு கம்பி கட்டுங்க. கரண்ட் போனா ஓட சார்ஜ் ஃபேன் ஒண்ணு வாங்கி வைங்க. 108 நம்பர் வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கட்டும். அவ படுக்கைப் பக்கத்துல ஒரு மண்பானை, அதுல எப்பவும் காய்ச்சி ஆறின தண்ணி.